மதுவிலக்குத் துறையின் விற்பனைப் பிரிவு

தமிழ்நாட்டில் ஒருவர் டாஸ்மாக் கடையில் ஒரு குவார்ட்டர் வாங்கினால், அவர் மதுவிலக்குச் சட்டப்படி நடந்துகொள்கிறார் என்று பொருள். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கடையைத் திறக்கும் நேரம், பக்கத்துப் பாரின் உரிமம், சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்த 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாமே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் வயிற்றில் பிறந்தவை. கவனிக்கும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. வருடா வருடம் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும் நாளில், அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு போன வருடத்தைவிட இந்த வருடம் எவ்வளவு கூடுதலாக வருமானம் வந்தது என்று சொல்லும். 2023-24-ல் மொத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். ஜீவகாருண்ய சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஆட்டுக்கறி விற்பனைக் கணக்கு வந்ததுபோல் இருக்கும். ஆனால் அவையில் யாரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

இந்த இடத்துக்கு நாம் ஒரே நாளில் வந்து சேரவில்லை. நல்லவர்கள் பலர் பல தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள்.

பழைய கணக்கிலிருந்தே தொடங்கலாம். சங்க காலத்தில் ஔவையாரும் அதியமானும் சேர்ந்து கள் குடித்தவர்கள். ஔவை அதை மறைக்கவில்லை. அவன் இறந்தபோது தனக்குக் கள் கொடுத்த தாராளத்தைச் சொல்லியே அழுகிறார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஔவையோ நெல்லிக்கனி மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வள்ளுவர் அந்தப் பக்கம். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே எழுதினார், 93-ஆவது. ஆனால் அதை எங்கே வைத்தார் பாருங்கள்: அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில். பின்னால் வந்த நிதித்துறைச் செயலாளர்கள் இதை ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

வெள்ளைக்காரனுக்கு இதில் தத்துவச் சிக்கல் ஏதும் இருந்ததில்லை. குடிக்கிறாயா, குடி, தீர்வையைக் கட்டிவிட்டுக் குடி. 1886-ல் மெட்ராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தீர்வை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மதுவின் தீமை பற்றிப் பிரசங்கம் கேட்ட துரைகள் திங்கட்கிழமை கச்சேரியில் உட்கார்ந்து கள்ளுக்கடையை ஏலம் விட்டார்கள். மாகாணத்தின் பெரிய வருமானங்களில் நிலவரிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கவேண்டியது அப்காரி. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்தப் பணத்தில்தான் ஓடின. அப்பன் குடித்தால்தான் மகன் படிப்பான் என்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்துக் காந்தி மனம் நொந்துபோனார். நொந்ததோடு நிற்காமல், பிள்ளைகளே ராட்டை சுற்றிப் பள்ளிக்கூடத்துச் செலவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று 1937-ல் ஒரு வழியும் சொன்னார். வார்தா கல்வித் திட்டத்துக்குப் பின்னால் ஒரு சாராயக்கடை இருக்கிறது என்பது பரீட்சையில் வராத கேள்வி.

நம் பக்கத்துக் கதை ஈரோட்டில் சூடு பிடிக்கிறது. 1921. ஈ.வெ.ராமசாமி அப்போது காங்கிரஸ்காரர். சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை, கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று வெட்டிச் சாய்த்தார். இளநீர், தேங்காய், கீற்று, விளக்குமாறு என்று அந்த மரங்கள் செய்திருந்த மற்ற நற்காரியங்கள் தண்டனையைக் குறைக்கவில்லை. பாளை விட்ட குற்றத்துக்கு வாய்தா கிடையாது. ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். மறியலை நிறுத்துங்கள் என்று பெரிய மனிதர்கள் சமரசம் பேசியபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக ஈரோட்டுக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அதே ஈ.வெ.ரா. பெரியார் ஆனபிறகு மதுவிலக்கின் கடுமையான விமர்சகராகவும் ஆனார். மனிதன் என்ன குடிக்கிறான் என்று சர்க்கார் எட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கொள்கை மாறியதை மரங்களுக்குத் தெரிவிக்க வழி இல்லாமல் போயிற்று.

மனம் மாறாத ஆசாமி ராஜாஜி. சேலத்து வக்கீல், சேலம் நகரசபைத் தலைவர், பிறகு 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். அங்கிருந்து ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை. கதை, கட்டுரை, படம், பாட்டு, எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மதுவிலக்குதான். அப்படி ஒரு பத்திரிகையை இன்று யாராவது தொடங்கினால் மதுவிலக்குத் துறை விளம்பரம் கொடுக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

ராஜாஜியின் கோபத்தில் பொய் இல்லை. ஆசிரமத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் கூலிக்காசு வீட்டுக்கு வராமல் கடையிலேயே கரைவதை அவர் கண்ணால் பார்த்தார். அடகுக்குப் போன பித்தளைக் குடத்தையும் அடிபட்ட பெண்களையும் பார்த்தார். அந்தப் பெண்களைக் கேட்டிருந்தால் மறுநாளே கடையைக் கொளுத்தியிருப்பார்கள். ஆனால் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் அந்தப் பெண்கள் இல்லை. எழுதியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்காத வீட்டுக்காரர்கள். தங்கள் வீட்டுப் பழக்கத்தையே ஊருக்கெல்லாம் ஒழுக்கமாக விரித்தார்கள்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி மதுவை மட்டும் சொல்லவில்லை. டீ, காபி, கோகோ மூன்றுமே மனிதனுக்குத் தேவையில்லை என்பதும் அவர் கட்சி. அவருடைய பட்டியலை மேலிருந்து கீழ்வரை சட்டமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடிகாலை ஐந்து மணிக்கு மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் சட்டமறுப்பு தொடங்கியிருக்கும். டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கும் பில்டரைக் கைப்பற்றப் போலீஸ் வந்தால், பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத மாமியாரும் மருமகளும் கைகோத்து வாசலில் படுத்திருப்பார்கள். கள்ளச் சந்தையில் பீபரி கொட்டை கிடைத்திருக்கும். சட்டசபையில் கை தூக்கியவர்கள் அன்று காலை குடித்துவிட்டு வந்தது காபி என்பதால் இந்த விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. கள் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சட்டசபையில் அப்போது நாற்காலி கிடையாது. சொத்தோ படிப்போ இருந்தால்தான் ஓட்டே உண்டு.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சருக்கு அப்போது அந்தப் பெயர். மூன்றே மாதத்தில், அக்டோபர் 1-ஆம் தேதி, காந்தி ஜெயந்திக்கு முதல் நாள், சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஒரே ஒரு ஜில்லா. சட்டத்துக்கு எல்லை இருந்தது, தாகத்துக்கு இல்லை. குமாரபாளையம் சேலம் ஜில்லா. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் பவானி கோயம்புத்தூர் ஜில்லா. ஒழுக்கம் ஆற்றோடு முடிந்துவிடும். ஏற்காட்டு மலைமேல் காபித் தோட்டத் துரைமார்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெர்மிட் என்று ஒரு வாசலைச் சட்டமே திறந்து வைத்திருந்தது. ஆக மலைமேல் காபி பயிரிட்டவர் விஸ்கி குடிக்கலாம், மலையடிவாரத்தில் பனை ஏறியவர் காபி குடிக்கலாம்.

கடையை மூடியதும் சர்க்காருக்கு ஒரு புதுக் கவலை வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவன் எங்கே போவான்? பஜனை, கோலாட்டம், நாடகம், விளையாட்டுப் போட்டி என்று ஏற்பாடு நடந்தது. நாள் முழுவதும் கல்லுடைத்துவிட்டு வருகிறவனுக்கு உடம்பு வலிக்குக் கோலாட்டம் எழுதிக் கொடுத்த சர்க்கார் உலகத்தில் வேறு இருந்திருக்காது. ஆனாலும் முதல் வருடம் பலன் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. வீட்டில் அரிசி வந்தது, கடன் குறைந்தது, பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். 1938-ல் சித்தூரும் கடப்பையும், 1939-ல் வட ஆற்காடும் சேர்ந்தன.

கஜானாவில் மட்டும் ஓட்டை விழுந்தது. ராஜாஜி கணக்கில் கெட்டிக்காரர். 1939-ல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் எந்தப் பொருளை விற்றாலும் வரி என்று சொன்ன முதல் சட்டம் அதுதான். ஒரு சதவீதத்துக்கும் கீழே, பூனைக்குட்டி மாதிரி வீட்டுக்குள் வந்தது. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். குடியை விட்டவன் மிச்சம் பிடித்த காசில் மனைவிக்குப் புடவை எடுக்கப் போனால் புடவையில் வரி உட்கார்ந்திருந்தது. குடிக்காமல் இருந்ததற்கும் ஏறக்குறைய ஒரு தீர்வை. குடிகாரன் மட்டும் கட்டிக்கொண்டிருந்த பணத்தை இப்போது குடிக்காதவனும் சேர்ந்து கட்டினான். மற்ற மாகாணங்கள் எட்டிப் பார்த்தன. மதுவிலக்கு வேண்டாம், அந்த வரி மட்டும் கொடுங்கள் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போயின. ஹோட்டல் பில்லின் அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி வருகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா சேலத்துக் கள்ளுக்கடை. பின்னால் கடைகள் திரும்பி வந்தபோது, கடைக்குப் பதிலாக வந்த வரி எழுந்து இடம் கொடுத்ததா? இல்லை. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துகொண்டன.

இந்தச் சட்டத்தின் முழு அழகையும் பார்க்கவேண்டுமென்றால் கோட்டைக்குப் போகக்கூடாது; பனைமரத்தடிக்குப் போகவேண்டும். விடியுமுன் பனையேறி வருகிறார். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாளைச் செருகிய பெட்டி. உச்சிக்குப் போய்ப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் வடிவது பதநீர். தடவாமல் விட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, கலயம் ஒன்று, ஆள் ஒருவர். நடுவில் இருப்பது வெற்றிலைக்குத் தடவுகிற அளவைவிடக் கொஞ்சம் கூடுதலான சுண்ணாம்பு. அது இருந்தால் இவர் நாட்டின் கிராமத் தொழில் வளர்ச்சிக்கு உழைக்கும் தியாகி, இல்லாவிட்டால் குற்றவாளி.

இதை யார் சோதிப்பது? போலீஸ்காரருக்கு மரம் ஏறத் தெரியாது. ஏறத் தெரிந்த ஒரே சாட்சி குற்றவாளிதான். எனவே கலயத்தை இறக்கச் சொல்லி வாயில் ஊற்றிப் பார்ப்பதே அரசாங்கச் சோதனைச்சாலை. சந்தேகம் தீரும்வரை பார்க்கலாம். சில ஏட்டையாக்களுக்குச் சந்தேகம் சுலபத்தில் தீராது. இதற்கு நடுவே வெயில் ஏறினால், சுண்ணாம்பு குறைந்த பதநீருக்கே புத்தி மாறும். காலையில் உத்தமமாக இறங்கியது பத்து மணிக்குப் புளித்து நுரை தள்ளும். சட்டப் புத்தகத்தில் சூரியனுக்குப் பிரிவு இல்லை.

ஏறுகிறவர்கள் யார் என்று கேட்டால் சட்டத்தின் சாதியும் தெரியும். நாடார்கள், ஈழவர்கள், சென்னைப் பக்கம் கிராமணிகள். இவர்கள் பிழைப்பை ஒரே கையெழுத்தில் நிறுத்தியவர்கள், மாற்றாகப் பனைவெல்லம் காய்ச்சுங்கள் என்றார்கள். காய்ச்ச விறகு வேண்டும், விற்கச் சந்தை வேண்டும், கிடைக்கிற காசோ கள்ளின் காசு இல்லை. அந்தக் கிராமணிக் குலத்திலேயே பிறந்த ம.பொ.சிவஞானம், காங்கிரஸ் கொள்கைக்காக மதுவிலக்கை ஆதரித்துச் சொந்தக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். தியாகம் செய்யச் சொல்வது யார், செய்வது யார் என்பதில் அவர் ஒருவர்தான் கணக்கை நேராக வைத்திருந்தவர்.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமா செய்தது. போர்க்காலத்து கவர்னர் ஆட்சி, பணம் வேண்டியிருந்ததால், கடைகளைத் திறந்துவிட்டது. 1946-ல் காங்கிரஸ் திரும்பி வந்தது, மதுவிலக்கும் வந்தது. 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், மாகாணம் முழுவதும் வறண்டது. அரசியலமைப்புச் சட்டமும் 47-ஆவது பிரிவில் மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயலவேண்டும் என்று எழுதி வைத்தது. முயல வேண்டும் என்பது நம் ஊரில் எத்தனை வசதியான சொல் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இருபத்துமூன்று வருடம் சென்னை ராஜ்யம் குடிக்காத ராஜ்யம். காகிதத்தில். மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் உடம்புக்காகப் பெர்மிட் கிடைக்கும். வசதியுள்ளவர்களின் உடம்பு திடீரென்று நலிவடையத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அகில இந்திய மது பெர்மிட் தனியாக உண்டு. அவர்கள் ஒழுக்கம் நம் பொறுப்பில் இல்லை. வசதியில்லாதவர்களுக்கு ஊறல் இருந்தது. வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழம், நவச்சாரம், இவற்றைப் பானையில் போட்டு மண்ணுக்குள் புதைத்தால் சில நாளில் தயார். சைக்கிள் டியூபில் அடைத்துக்கொண்டு போனார்கள். டயருக்குள் காற்றுக்குப் பதில் சாராயம் ஓடிய வண்டிகள் செக்போஸ்ட்டைத் தாண்டின. சர்க்கார் காய்ச்சச் சொன்ன வெல்லம் ஊறலில் போய் விழுந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவும் இல்லாதவர்கள் வார்னிஷ் குடித்துச் செத்தார்கள். கிழக்கே பாண்டிச்சேரி. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் போதும், பிரெஞ்சு நாகரிகம். காமராஜர் ஆட்சியில் அணை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மதிய உணவு வந்தது. மதுவிலக்கு அப்படியே இருந்தது, பாண்டி பஸ்ஸும் அப்படியே ஓடியது.

சினிமாவைச் சொல்லாமல் விட முடியாது. 1953-ல், சொட்டுக்கூட விற்க முடியாத ஊரில் ‘தேவதாஸ்’ வந்து சக்கைப்போடு போட்டது. ஒருவன் குடித்துக் குடித்துச் சாவதைக் காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்தார்கள். குடிக்க முடியாதவர்களுக்கு அதுவே பாதி போதை. வில்லன் வீட்டு அலமாரியில் எப்போதும் வாட் 69 இருந்தது. அவனுக்கு பெர்மிட் எப்படிக் கிடைத்தது என்று எந்தப் படத்திலும் போலீஸ் கேட்கவில்லை. எம்.ஜி.ஆர். மட்டும் தொடமாட்டார். 1968-ல் ‘ஒளிவிளக்கு’ படத்தில் ஒரு தடவை குடித்தார். உடனே அவருக்குள்ளிருந்து இன்னும் சில எம்.ஜி.ஆர்கள் கிளம்பி வந்து பாட்டிலேயே கண்டித்து அனுப்பினார்கள். மதுவிலக்குப் போலீஸால் செய்ய முடியாததை அந்த ஒரு பாட்டு செய்தது என்றே பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பின்னால் ஓட்டானது.

1967-ல் தி.மு.க. வந்தது. அண்ணா மதுவிலக்கை எடுக்க மறுத்துவிட்டார். ஆனால் கஜானா காலி. 1968-ல் பரிசுச்சீட்டு வந்தது: விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. குடித்துக் கெடக்கூடாது, சீட்டு வாங்கிக் கெடலாம், அதுவும் நாட்டுக்காகக் கெடலாம் என்று ஓர் இடைவழி.

1971. கலைஞர் முதலமைச்சர். புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு நஷ்டத்தில் பங்கு தருகிறோம் என்று டெல்லி சொல்லியிருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக நல்லபிள்ளையாக இருக்கும் எங்களுக்கு என்ன தருவீர்கள் என்று தமிழ்நாடு கேட்டது. ஒன்றும் இல்லை, நீங்கள்தான் ஏற்கெனவே நல்லபிள்ளை ஆயிற்றே. கெட்டவன் திருந்தினால் சன்மானம், திருந்தி இருப்பவனுக்குப் பட்டை நாமம். சுற்றி எரிகிற நெருப்பு வளையத்துக்குள் தமிழ்நாடு எத்தனை நாள் கற்பூரமாக இருக்க முடியும் என்று கலைஞர் கேட்டார். உவமை மிக அழகு. கற்பூரத்தைக் கொளுத்துகிற கையும் அவருடையதாகவே இருந்தது.

அப்போது ராஜாஜிக்கு வயது 92. கொட்டுகிற மழையில் கலைஞர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சில மாதம் முன்பு நடந்த தேர்தலில் இருவரும் எதிரெதிர் அணி. அதற்கு முந்தைய 1967 தேர்தலில் ஒரே அணி. கலைஞர் மரியாதையாக வரவேற்றார், மரியாதையாக உட்காரவைத்தார், மரியாதையாக வழியனுப்பினார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. ரத்து இல்லை, தள்ளிவைப்பு. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிப்போட அப்போதும் யாருக்கும் மனம் வரவில்லை. கிழவர் நனைந்ததுதான் மிச்சம். அடுத்த வருடம் டிசம்பரில் அவர் காலமானார். 1974-ல் அதே கலைஞர் கடைகளை மறுபடி மூடியதைப் பார்க்க அவர் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொன்னால் தலை சுற்றும், குடிக்காமலேயே. தி.மு.க.விலிருந்து பிரிந்து 1977-ல் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர்., தாய்க்குலத்தின் பிள்ளை, 1981-ல் கள்ளையும் சாராயத்தையும் திரும்பக் கொண்டுவந்தார். 1982-ல் சத்துணவுத் திட்டம். காந்தி நொந்துகொண்ட அதே கணக்கு, இந்தத் தடவை சோறாக வந்தது. 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், பிறந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய்கூட விற்கலாம். ஆனால் அது மொத்த மது வியாபாரத்துக்காகப் பிறந்த குழந்தை. 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி போயின. 1990-ல் கலைஞர் மலிவு விலை மது கொண்டுவந்தார். 1991-ல் ஜெயலலிதா பதவியேற்று முதல் கையெழுத்தில் மலிவு விலை மதுவை ஒழித்தார்; விலை அதிகமான மது இருந்தது. சீசா எல்லாவற்றிலும் குடியின் கேட்டைச் சொல்லும் வாசகம் உண்டு. விற்கிறவரே இவ்வளவு மனசாட்சியோடு எச்சரிக்கிற கடை வேறு எங்கே இருக்கிறது?

2003-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்த வருடம் ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் சீரழிகின்றன என்பது காரணம், உண்மையான காரணம்தான். அதே வருடம் நவம்பர் 29-ஆம் தேதி, சில்லறைக் கடைகள் எல்லாம் டாஸ்மாக்கின் கைக்கு வந்தன. அண்ணா காலத்தில் சாராயம் கூடாது, சீட்டு ஆகலாம். இப்போது சீட்டு கூடாது, சாராயம் ஆகலாம். ஏழையின் பாக்கெட்டில் எந்தக் கையை விடுவது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. பட்டதாரிகள் சூப்பர்வைசர் வேலைக்கும் சேல்ஸ்மேன் வேலைக்கும் வந்தார்கள். கவுன்டரின் கம்பிக்கு உள்ளே எம்.ஏ., வெளியே எட்டாங்கிளாஸ், நடுவில் பத்து ரூபாய் கூடுதல்.

கள்ளோ இன்றுவரை குற்றம். சொந்த மண்ணின் மரத்தில் வடிவது சட்டவிரோதம். ஆலையில் கலந்து ஆங்கிலப் பெயர் ஒட்டி வருவது அரசு வியாபாரம். கள் இயக்கத்துக்காரர்கள் வருடா வருடம் மரம் ஏறிப் பார்க்கிறார்கள். போலீஸார் கீழே நின்று பார்க்கிறார்கள்.

சிரிப்புக்கு இடமில்லாத பக்கமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். டாஸ்மாக் விலைக்குக் கையில் காசில்லாத கூலிக்காரர்கள். முழு மதுவிலக்கு இருந்தபோது வார்னிஷால் செத்ததும் அவர்களேதான். முழு விற்பனை நடக்கும்போது மெத்தனாலால் சாவதும் அவர்களேதான். கோட்டையில் எந்தக் கொள்கை இருந்தாலும் அவர்கள் கைக்குக் கடைசியில் வந்து சேரும் பாக்கெட் மாறுவதில்லை.

மதுவிலக்கின் நினைவு நாள்களை அரசு மறப்பதில்லை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், இன்னும் சில நாள்கள் கடைக்கு விடுமுறை. வள்ளுவருக்கு மரியாதை செய்யும் பொருட்டு முந்தின நாள் சாயங்காலமே மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஒன்று, பையில் மூன்று.

2016 தேர்தலில் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் மதுவிலக்கு கொண்டுவருவோம் என்றன. சில கட்சிகள் முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்றன. ஆளும் கட்சி படிப்படியாக என்றது. ஜெயலலிதா ஜெயித்து, பதவியேற்ற கையோடு முதல் படியில் கால் வைத்தார். ஐந்நூறு கடைகள் மூடப்படும். காலை பத்து மணிக்குத் திறந்த கடைகள் இனிப் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். பூரண மதுவிலக்கு என்ற கடைசிப் படிக்கு யாரும் இன்னும் போகவில்லை. ஆனால் 1937-ல் ராஜாஜி ஏற்றிய சட்டம் வீண்போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்: தமிழ்நாட்டில் தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பூரண மதுவிலக்கு கடுமையாக அமலில் இருக்கிறது. பாருக்குப் பின்பக்கம் கிடைக்கும் என்கிறார்கள். அதற்கு முப்பது ரூபாய் கூடுதல்.